ஸ்டோனர்: கல்லூரியில் வீரன், வீட்டில் விருந்தாளி

ஒரு நாவலைப் படித்துவிட்டுப் பிடித்தவர், பிடிக்காதவர் என்று வாசகர்கள் பிரிவது வழக்கம். ஜான் வில்லியம்ஸின் ‘ஸ்டோனர்’ விஷயத்தில் பிடித்தவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். ஒரு கட்சிக்கு வில்லியம் ஸ்டோனர் ஆசிரியர் குலத் திலகம். இன்னொரு கட்சிக்கு முதுகெலும்பில்லாத மனிதன். எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த நாவலை எடுத்துக்கொண்டபோது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மதினியும் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடியதில், நடுவில் மாட்டிக்கொண்ட நாங்கள் வடையைக்கூட நிம்மதியாகத் தின்ன முடியவில்லை. நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். தலைமையாசிரியர் பக்கம்தான் சாய்வேன் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். கல்லூரிக் காட்சிகளில் அவர் பக்கம்தான் நிற்கிறேன். ஸ்டோனர் வீட்டு வாசற்படி ஏறியதும் மதினி பக்கம் போய்விடுகிறேன்.

கதை அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் நடக்கிறது. 1891இல் ஒரு சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஸ்டோனர், 1910இல் கொலம்பியா நகரிலுள்ள மிசூரிப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கச் சேர்கிறான். எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமான ஆங்கில இலக்கிய வகுப்பில் ஆர்ச்சர் ஸ்லோன் என்ற கடுகடுப்பான பேராசிரியர் ‘சானட்’ எனப்படும் ஷேக்ஸ்பியரின் பதினான்கு வரிக் கவிதைகளில் 73ஆவதைச் சொல்லி, அதற்கு என்ன பொருள் என்று இவனைக் கேட்கிறார். பையனுக்கு வாய் திறக்கிறது, வார்த்தை வரவில்லை. அந்த நொடியில் அவன் வாழ்க்கை திரும்பிவிடுகிறது. மண்ணை விட்டுவிட்டு இலக்கியத்துக்கு வருகிறான், அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகிறான், 1956இல் இறக்கும்வரை அங்கேயே இருக்கிறான். இடையில் ஒரு கசந்த கல்யாணம், ஒரு மகள், ஒரு துறைச் சண்டை, ஒரு காதல். அவ்வளவுதான் கதை.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்க வேண்டாம். ஆசிரியரே முதல் பக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்: இவன் உதவிப் பேராசிரியர் பதவிக்கு மேலே போகவில்லை, படித்த மாணவர்களில் சிலருக்கே இவனைத் தெளிவாக நினைவிருந்தது, இறந்தபின் சக ஆசிரியர்கள் இவன் நினைவாக நூலகத்துக்கு ஓர் இடைக்காலக் கையெழுத்துப் பிரதியை வாங்கிக் கொடுத்தார்கள். இரங்கல் குறிப்பு போலத் தொடங்கும் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் கடைசிவரை போய்விடுவார்கள். புரட்டாதவர்களை வற்புறுத்திப் பயனில்லை.

நாவல் பட்ட பாடு தனிக்கதை. 1965இல் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்டது. இரண்டாயிரம் பிரதிகள் அளவுக்குத்தான் விற்றது, விரைவில் அச்சிலிருந்தே மறைந்தது. வில்லியம்ஸ் டென்வர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். பின்னாளில் ‘அகஸ்டஸ்’ என்ற வரலாற்று நாவலுக்காக 1973இன் அமெரிக்கத் தேசிய நூல் விருதை ஜான் பார்த்துடன் பகிர்ந்துகொண்டார். 1994இல் காலமானார். 2006இல் நியூயார்க் ரிவ்யூ புக்ஸ் மறுபதிப்புக் கொண்டுவந்தது. மறு ஆண்டே மோரிஸ் டிக்ஸ்டீன் என்ற விமர்சகர், இது மகத்தான நாவலைவிட அரிதான வகை, பிசிறில்லாத நாவல் என்ற பொருளில் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். 2011இல் பிரெஞ்சு எழுத்தாளர் அன்னா கவால்டா தம் மொழிக்குக் கொண்டுபோனார். 2013இல் நெதர்லாந்தில் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது; அதே ஆண்டு பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகள் இதை ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்ந்தெடுத்தன. பாராட்டு மழை பெய்துகொண்டிருக்கும்போதே 2015இல் பெண்ணிய விமர்சகர் எலைன் ஷோவால்டர், செவ்வியல் நாவல் என்று அவசரப்பட்டுப் பட்டம் கட்டாதீர்கள் என்று வாஷிங்டன் போஸ்ட்டில் குறுக்கே வந்தார். எங்கள் மதினிக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்து எதுவும் கிடையாது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

தலைமையாசிரியர் கட்சியின் வாதம் எளிமையானது. ஏர் பிடித்த வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்கப் போனவன், படிப்பின்மேல் வைத்த காதலைக் கடைசி மூச்சுவரை விடவில்லை. இதைவிட என்ன வேண்டும் என்பது அவர் கேள்வி. பட்டமளிப்பு நாளில் ஸ்டோனர் தன் தாய் தந்தையிடம் ‘நான் பண்ணைக்குத் திரும்பி வரப்போவதில்லை’ என்று சொல்லும் காட்சியை அவர் எங்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினார். நான்கு வருடமாக மகன் கையை எதிர்பார்த்திருந்த தந்தை. மகன் தட்டுத்தடுமாறி விளக்குகிறான். அவருக்கு எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. கடைசியில், இங்கேயே இருந்து படிக்க வேண்டும் என்று உனக்குப் பட்டால் அப்படியே செய், உன் அம்மாவும் நானும் சமாளித்துக்கொள்கிறோம் என்கிறார். தாய் முஷ்டிகளைக் கண்ணில் அழுத்திக்கொண்டு அழுகிறாள். வில்லியம்ஸ் அந்த இடத்தில் உருக்கமாக ஒரு பெயரடைகூடப் போடவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருந்த எவருக்கும் அந்தப் பக்கத்தைத் தாண்டுவது சிரமம்.

கல்லூரி விவகாரங்களில் இந்த நாவலின் பார்வை அத்தனை துல்லியம். வில்லியம்ஸே மிசூரியில் முனைவர் பட்டம் பெற்றவர். அங்குள்ள பழைய சகாக்களுக்கு நாவலைக் காணிக்கையாக்கி, இதில் வரும் யாரும் நிஜ மனிதர் இல்லை என்று முன்கூட்டியே சத்தியம் வேறு செய்துவைத்திருக்கிறார். அந்த எச்சரிக்கை எதற்கு என்பது வாய்மொழித் தேர்வுக் காட்சியைப் படித்தால் விளங்கும்.

சார்லஸ் வாக்கர் என்ற ஆராய்ச்சி மாணவன். நாவன்மை உண்டு, சரக்கு கிடையாது. அவனுக்கு வழிகாட்டி ஹோலிஸ் லோமாக்ஸ்: கூர்மையான, கர்வமான, முதுகு கூனிய பேராசிரியர். ஸ்டோனரின் கருத்தரங்க வகுப்பில் வாக்கர் கட்டுரை எழுதாமலே வந்து, கையில் எழுதிய தாள் இருப்பதுபோல் பாவனை செய்து, முந்தைய வாரம் ஒரு பெண் வாசித்த நல்ல கட்டுரையைக் கிண்டலடித்தே நேரத்தை ஓட்டுகிறான். ஸ்டோனர் அவனைத் தேர்ச்சி பெறவிடவில்லை. அடுத்து முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. லோமாக்ஸ் கேள்வி கேட்கிறார், வாக்கர் அருவியாகக் கொட்டுகிறான். கேள்விக்குள்ளேயே விடை ஒளிந்திருப்பதை ஸ்டோனர் மெல்லக் கவனிக்கிறான். மற்ற உறுப்பினர்கள் கேட்கும்போது லோமாக்ஸ் குறுக்கிட்டு, ‘நீங்கள் கேட்பது இதுதானே’ என்று கேள்வியைத் தன் மாணவனுக்குத் தோதாக மாற்றிப் போடுகிறார். ஸ்டோனரின் முறை வருகிறது. பழைய ஆங்கிலச் செய்யுளின் இலக்கணம், இடைக்கால நாடகங்கள் என்று முதுகலை மாணவன் எவனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படைகளைக் குரல் உயர்த்தாமல் கேட்கிறான். ஒன்றுக்கும் பதில் இல்லை.

தேர்வுக் குழுவில் உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தப் பக்கங்களில் வியர்க்கும். வெளியே காத்திருக்கும் மாணவன், உள்ளே ‘எதற்கு வம்பு’ என்று சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கத் துடிக்கும் உறுப்பினர், நியாயம் பேசுகிறவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்பதுபோல் பார்க்கும் பார்வை என்று ஒன்றையும் வில்லியம்ஸ் விடவில்லை. ஸ்டோனர் மசியவில்லை. லோமாக்ஸ் துறைத் தலைவராகி, இருபது வருடத்துக்கு மேல் இவனோடு நேரில் ஒரு வார்த்தை பேசாமல், உருப்படாத நேரத்தில் உருப்படாத வகுப்புகளை இவன் தலையில் கட்டுகிறார். பல வருடம் கழித்து ஸ்டோனர் கொடுக்கும் பதிலடி நாவலிலேயே சிரிக்க வைக்கும் ஒரே பகுதி. முதலாமாண்டு எழுத்துப் பயிற்சி வகுப்புக்குள் நுழைந்து, சின்னப் பிள்ளைகளுக்கு இடைக்கால இலக்கியத்தை நடத்தத் தொடங்கிவிடுகிறான். புகார் மேலே போகிறது; விதியில் அவனைப் பிடிக்க இடமில்லை; பழைய வகுப்புகள் திரும்பக் கிடைக்கின்றன.

எங்கள் வட்டத்தில் வந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மட்டும் இந்தப் பகுதியில் வேறு மாதிரி முகம் சுளித்தார். வாக்கருக்குக் கையிலும் காலிலும் ஊனம், லோமாக்ஸுக்குக் கூன். வில்லன்கள் இருவரையும் உடல் ஊனமுற்றவர்களாகப் படைக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டார். தலைமையாசிரியர் ‘அது கதைக்குத் தேவை, லோமாக்ஸ் அவனிடம் தன் இளமையைப் பார்க்கிறார்’ என்றார். அது உண்மைதான். லோமாக்ஸ் தன் தனிமையான பிள்ளைப் பருவத்தைப் பற்றி ஒரு விருந்தில் மனம்விட்டுப் பேசும் இடமும் இருக்கிறது. அந்த இரவில் அவரும் ஸ்டோனரும் நண்பர்களாகியிருக்கலாம். ஆனால் வாக்கருக்கு அப்படி ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. மாணவரின் கேள்விக்கு விடை நாவலில் இல்லை என்பதே என் கணிப்பு. 1965இல் எழுதப்பட்டது என்று சமாதானம் சொல்லிவிட்டுத் தாண்டிப்போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி வீடு.

ஈடித் செயின்ட் லூயிஸ் நகரத்து வங்கி அதிபரின் மகள். ஒரு வரவேற்பு விருந்தில் அவளைப் பார்த்து, அறிந்தும் அறியாமலும் ஸ்டோனர் கல்யாணம் செய்துகொள்கிறான். ஒரு மாதத்துக்குள் கல்யாணம் தோற்றுவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு வருடத்துக்குள் சரியாகும் என்ற நம்பிக்கையும் போய்விடுகிறது. வாசகர்கள் பெரும்பாலோர் ஈடித்தைக் கண்டாலே பல்லைக் கடிக்கிறார்கள். அவள் மகளைத் தந்தையிடமிருந்து பிரிக்கிறாள், அவனுடைய படிப்பறையைப் பிடுங்கிக்கொண்டு அவனைக் கண்ணாடி வராந்தாவுக்குத் துரத்துகிறாள், எதற்கு இவ்வளவு வன்மம் என்று தெரியாமலே வதைக்கிறாள். ‘இப்படி ஒரு பெண் உண்டா’ என்பது பாதிப் பேரின் கேள்வி. ‘இப்படி ஒரு பெண்ணை எழுதிய ஆண் உண்டா’ என்பது மீதிப் பேரின் கேள்வி.

பலர் வேகமாகக் கடந்துபோகும் ஓரிடத்தை இருதரப்புக்கும் எடுத்துக்காட்ட விரும்புகிறேன். 1929 பங்குச்சந்தைச் சரிவில் ஈடித்தின் தந்தையின் வங்கி கவிழ்கிறது. அவர் தற்கொலை செய்துகொள்கிறார். ஈடித் பிறந்தகம் போகிறாள். தான் வளர்ந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைப் பருவத்திலிருந்து சேர்ந்த பொருள்களை இரண்டாகப் பிரிக்கிறாள். தந்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ கொடுத்தவை ஒரு குவியல், மற்றவை இன்னொரு குவியல். பிறகு தந்தை கொடுத்தவற்றை நிதானமாக, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் அழிக்கிறாள். கடிதங்கள், பொம்மைகளின் உடைகள், உள்ளே அடைத்த பஞ்சு எல்லாம் நெருப்புக்குப் போகின்றன. பீங்கானால் செய்த தலைகளையும் கைகால்களையும் கணப்படுப்பின் கல்லில் வைத்துப் பொடியாகும்வரை இடித்து, அந்தப் பொடியைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடுகிறாள். அவ்வளவுதான் சொல்லப்படுகிறது. தந்தைக்கும் மகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. முதலிரவில் அவள் உடல் பட்ட அருவருப்பையும், தொடுவதற்கே அவள் கூசிச் சுருங்குவதையும் இதோடு சேர்த்துப் படித்தால் எந்த வாசகருக்கும் மனம் ஓர் இடத்துக்குப் போகும்.

நான் கேட்பது இதுதான். பழைய ஏடுகளில் தேய்ந்த எழுத்தைக்கூடப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்த அறிஞன், தன் வீட்டுக்குள் நடமாடும் பெண்ணைப் படிக்க ஒரு நாள்கூட மெனக்கெடவில்லை. நாவலாசிரியருக்கு அவள் காயம் தெரிந்திருக்கிறது. அதற்கான தடயத்தைக் கையில் கொடுத்துவிட்டு அவரும் ஸ்டோனரோடு கல்லூரிக்குக் கிளம்பிவிடுகிறார். ஈடித் தரப்பு நியாயத்தை வாசகர்கள்தாம் கையிலிருந்து போட்டுக் கட்ட வேண்டியிருக்கிறது. இதைக் குறை என்று சொல்வேன். அபாரமான குறை, ஆனாலும் குறை.

மதினியின் கோபம் ஈடித் மேலே இல்லை, ஸ்டோனர் மேலே. காரணம் கிரேஸ். குழந்தை பிறந்ததிலிருந்து அதைக் குளிப்பாட்டியதும், ஊட்டியதும், தூங்க வைத்ததும் தந்தைதான். சிறுமியானபின் அவனுடைய படிப்பறையில் அவளுக்கென்று ஒரு சின்ன மேசை. அவன் தாள் திருத்த, அவள் தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். நாவல் முழுக்க இவ்வளவு அமைதியான பக்கங்கள் வேறு இல்லை. ஈடித் ஒரு நாள் வந்து, அப்பாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவளைக் கூட்டிக்கொண்டு போகிறாள். அத்தோடு முடிந்தது. பிஞ்சுக் குழந்தைக்கு விருந்து உடை, பியானோ, நாகரிகத் தோழிகள். ஸ்டோனர் ஒரு முறை வாய் திறந்து சொல்லிப் பார்க்கிறான். எடுபடவில்லை என்றதும் அடங்கிவிடுகிறான். கிரேஸ் வளர்ந்து, வீட்டிலிருந்து தப்பிப்பதற்கென்றே கர்ப்பமாகி, ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய சில நாட்களில் அவசரக் கல்யாணம் செய்துகொள்கிறாள். கணவன் பசிபிக் போரில் சாகிறான். அவள் குடிக்கத் தொடங்குகிறாள். அந்தக் குடியாவது அவளுக்குத் துணையிருக்கிறதே என்று தந்தை நிம்மதி கொள்கிறான்.

அந்த வரியில்தான் மதினி புத்தகத்தை மூடி வைத்தாராம். ‘யாரோ ஒரு சோம்பேறி மாணவன் பட்டம் வாங்கிவிடக் கூடாது என்று இருபது வருடப் பகையைத் தலையில் ஏற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கு, பெற்ற பிள்ளைக்காக ஒரு ராத்திரி சண்டை போடத் தெரியவில்லையா’ என்று கேட்டார். தலைமையாசிரியர், அந்தக் காலம், அந்த மனிதரின் சுபாவம் என்று என்னவோ சொன்னார். எனக்கு மதினியின் கேள்வி அப்படியே நின்றது. பல்கலைக்கழகத்துக்குள் வாக்கர் நுழையக் கூடாது என்பதற்கு ஸ்டோனர் சொல்லும் காரணம், வெளியுலகத்தை அங்கே அனுமதித்தால் அந்தப் புகலிடம் அழிந்துவிடும் என்பது. அந்தச் சின்ன மேசை இருந்த அறையும் ஒரு புகலிடம்தான். அதன் வாசலில் அவன் காவல் நிற்கவில்லை.

காதரின் டிரிஸ்காலோடு வரும் காதலைச் சிலர் நாவலின் உச்சம் என்கிறார்கள். வாக்கர் கிண்டலடித்த கட்டுரையை எழுதியவள் அவள்தான். படிப்பும் காமமும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதைச் சொல்லும் வரிகள் அழகு. ஆனால் அவளுக்கு ஒரு கெட்ட குணம்கூட இல்லை, ஓர் எரிச்சல்கூட இல்லை. ஈடித்துக்குக் கிடைக்காத கருணை முழுவதையும் ஆசிரியர் இவள் மேல் கொட்டிவிட்டார். லோமாக்ஸின் நெருக்கடியால் இருவரும் பிரியும் இடத்தில் தலைமையாசிரியர் கண் கலங்கினாராம். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை.

என்னிடம் இருப்பது ஜான் மெக்கஹெர்ன் என்ற அயர்லாந்து எழுத்தாளரின் முன்னுரையோடு வந்த பதிப்பு. முன்னுரையைக் கடைசியில் படியுங்கள், கதையைச் சொல்லிவிடுகிறார். அதில் வில்லியம்ஸ் கொடுத்த பேட்டி ஒன்றின் பகுதி இருக்கிறது. ஸ்டோனருக்குச் சோகமான வாழ்க்கை என்று பலர் நினைக்கிறார்கள், என் பார்வையில் அவன் உண்மையான நாயகன், பிடித்த வேலையைச் செய்தான், நல்ல வாழ்க்கைதான் வாழ்ந்தான் என்ற பொருளில் சொல்கிறார். தலைமையாசிரியர் அதை நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி வாசித்துக் காட்டினார். மதினி, ‘அவருக்கு நல்ல வாழ்க்கைதான். கிரேஸைக் கேட்டாரா?’ என்றார். படைத்தவருக்கே தன் பாத்திரத்தைப் பற்றிய கடைசி வார்த்தை கிடைத்துவிடாது என்பதற்கு இந்த நாவல் நல்ல சாட்சி. எழுதியவர் ஒரு நல்ல வாழ்க்கையை எழுதினார். தாளில் அதைவிடக் கூடுதலாக விழுந்திருக்கிறது.

வாங்கலாமா என்றால், தாராளமாக. முந்நூறு பக்கத்துக்குள்தான், ஆங்கிலம் எளிமையானது, வாக்கியங்களுக்கு அகராதி தேடி ஓட வேண்டியிருக்காது. சம்பவங்கள் அடுக்கடுக்காக வர வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. எங்கள் வட்டத்தில் ஒருவர் நூறு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நெருங்குகிறவர்கள் மட்டும் தேர்வு முடிந்தபின் படிக்கட்டும். முடிந்தால் தம்பதியராகப் படியுங்கள். கணவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது கிரேஸ் வரும் அத்தியாயங்களில் தெரிந்துவிடும்.